வீலுக்கு அரை இஞ்சு

“மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, சாதாரணமா நில்லுங்க” என்றார் டெய்லர்.

பழக்கதோஷம். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு வண்டியின் முன்சக்கரத்தை.

“யாரு மாப்ள அது?” என்று மரத்தடி நாற்காலியிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

“யாருமில்ல மாமா. உங்க வண்டிதான்.”

“சரி சரி. கஸ்டமர் யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சேன்.”

டெய்லருக்குச் சுருக்கென்றது. கஸ்டமர் எங்கிருந்து வருவது? பத்தடி அகலக் கடைக்கு முன்னால் இருபதடி நீளத்துக்கு ஒரு வீடே வந்து நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு வருகிறவர்தான் கடைக்குள் நுழைய முடியும்.

மாமனார் தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் கடிதம் பிரித்தவர். நாளெல்லாம் ஊர்ப் பெயர்களைப் படித்துப் படித்துப் பெட்டியில் போட்டாரே தவிர, அதில் ஒரு ஊரையும் கண்ணால் பார்த்ததில்லை. ரிடையர் ஆன கையோடு ஒரு பழைய கேரவன் வண்டியை வாங்கிவிட்டார். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, கை கழுவும் தொட்டி, ஜன்னல் தோறும் திரை எல்லாம் உண்டு. வண்டியின் வயசுதான் யாருக்கும் தெரியாது. செய்த கம்பெனியை மூடியே இருபது வருஷம் ஆகிறது. கடற்கரை ஊரில் இருக்கும் சின்ன மகள் வீட்டுக்குப் போகிற வழியில், “பெரியவளைப் பாத்துட்டு ரெண்டே நாள்ல கிளம்பிடறேன்” என்று இங்கே வந்து நிறுத்தினார். நிறுத்தும்போதே இடது முன்சக்கரத்தில் டணக்கென்று ஒரு சத்தம். ரிம்மில் இரண்டு நட்டு ஓட்டைகளுக்கு நடுவே விரிசல் விட்டிருந்தது.

அந்த இரண்டு நாள் இப்போது மூன்று வாரமாகிவிட்டது.

டயர் கடைக்காரர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ஒண்ணை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்ல டெய்லரே. நாலுக்கும் ஒரே வயசு. இன்னிக்கு இது, நாளைக்கு அது. நாலையும் மாத்திடுங்க.”

“மாத்திடுங்க. யாரு வேணாம்னது?”

“எதை வெச்சு மாத்தறது? இந்த வீல் இப்ப வர்றதில்ல. பின்பக்கம் நம்பர் அடிச்சிருப்பான், அது துரு தின்னுட்டுது. அளவு எடுத்தாதான் உண்டு.”

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் டெய்லரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

அவருக்கு அதில் ஒரு பெருமை உண்டு, சாதாரணப் பெருமை இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் கடையில் ட்ரையல் ரூம் கிடையாது. ‘இங்கே போட்டுப் பார்க்க வேண்டாம். பொருந்தும்’ என்று அவரே சாக்பீஸால் எழுதி, பிறகு பெயிண்டும் அடித்து மாட்டியிருந்தார். ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பேண்ட்டை வாங்கிக்கொண்டு, “ஒரு நிமிஷம் போட்டுப் பாத்துடலாமா?” என்று கேட்டுவிட்டார் என்பதற்காக டெய்லர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் அதற்குப் பிறகு ட்ரையல் என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

தெருவில் அவருக்கு ‘அரை இஞ்சு’ என்று பட்டப்பெயர். துணி சுருங்கும், ஆள் பெருப்பார், இரண்டுக்கும் சேர்த்து எந்த அளவிலும் அரை இஞ்சு கூட்டி எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தத் தொழில் நுட்பத்தை மெச்சித்தான் ஊர் அப்படிக் கூப்பிடுகிறது என்று நம்பினார். எதையும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர், அதை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை.

“முதல்ல ஒண்ணு கொண்டாறேன்” என்றார் டயர் கடைக்காரர். “மாட்டிப் பாப்போம். சரியா இருந்தா மத்த மூணைச் சொல்லலாம்.”

“மாட்டிப் பாக்கறதா?”

“ஆமா.”

“நான் அளவு எடுத்தப்புறம் மாட்டிப் பாக்கறதுக்கு என்ன இருக்கு? நாலையும் வரவழைங்க.”

அப்படித்தான் அவர் டேப்பும் கையுமாக வண்டிக்கு அடியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“மாமா, இதுல நட்டு அஞ்சு இருக்கே, கவனிச்சீங்களா?”

“இருக்கட்டுமே.”

“நாலோ ஆறோ இருந்தா எதிரும் புதிருமா டேப்பை வெச்சு அளந்துடலாம். அஞ்சுன்னா ஒண்ணுக்கு எதிர்ல ஒண்ணு இல்லையே. ஏன் அஞ்சு வெச்சான்?”

“நான் கடிதம் பிரிச்சவன் மாப்ள. மனுஷங்க ஏன் அப்படி எழுதறாங்க, இப்படி எழுதறாங்கன்னு கேட்டா வேலை நடக்காது.”

டெய்லரால் அப்படி விட முடியவில்லை. ஒரு நட்டிலிருந்து எதிர்ப்பக்கம் இரண்டு நட்டுகளுக்கு நடு மையம் வரை உத்தேசமாக அளந்தார். அளவு நோட்டில் வீலுக்கென்று கட்டம் இல்லாததால், நட்டு வட்டத்தை ‘இடுப்பு’ என்ற இடத்திலும், நடு ஓட்டையைக் ‘கழுத்து’ என்ற இடத்திலும், ரிம்மின் அகலத்தைக் ‘கை நீளம்’ என்ற இடத்திலும் எழுதினார். எழுதும்போது கை தன் வேலையைச் செய்தது. எல்லாவற்றிலும் அரை இஞ்சு கூடியது.

ஒரு வாரத்தில் நான்கு வீல்கள் வந்து இறங்கின. டயர் கடைக்காரர் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, நான்கு பழைய வீல்களையும் கழற்றி, அச்சுக்கு அடியில் செங்கல் அடுக்கினார். புது வீலைத் தூக்கி வைத்தார். ஒரு போல்ட் உள்ளே போயிற்று. மற்ற நான்கும் வெளியே நின்று வேடிக்கை பார்த்தன.

“இடுப்பு லூஸ்” என்று டெய்லரே முனகினார்.

“என்ன லூஸ்?”

“அரை இஞ்சு கூட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“உப்பினா இடம் வேணும்ல.”

டயர் கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “டெய்லரே, இது இரும்பு. சாப்பிட்டுக் குண்டாகாது.”

வீல்கள் திரும்பிப் போயின. வண்டி செங்கல் மேலேயே நின்றது. முன்பு கடையின் கதவை மட்டும் மறைத்த வண்டி, இப்போது ஒன்றரை அடி உயர்ந்து கடையின் போர்டையும் மறைத்தது. மாமனார் ஏறி இறங்கக் கஷ்டப்படுவாரே என்று டெய்லரின் மனைவி வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். வெளிச்சம் வரட்டும் என்று ஒரு விளக்கு மாட்டினாள். “அப்பா ஷேவ் பண்ணக் கஷ்டப்படறாரு” என்று கடையில் இருந்த ஆளுயரக் கண்ணாடியையும் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். ஷேவ் செய்ய முழங்கால் வரை தெரிய வேண்டுமா என்று டெய்லர் கேட்டிருக்கலாம். அவர் மனசில் நடு ஓட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சங்கதி அவருக்கு வியப்பாக இருந்தது. வண்டி வழியை மறைத்தும் கடைக்கு வேலை குறையவில்லை. காலையில் ஒன்பதிலிருந்து பதினொன்று வரை அவர் அளவு எடுக்கிற நேரத்தில் முன்னைவிடக் கூட்டம் இருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரி நர்சுகள் இரண்டு பேராக, மூன்று பேராக வந்தார்கள். பதினொன்றுக்கு மேல் அவர் வீல் விஷயமாக டயர் கடைப் பக்கம் கிளம்பிவிடுவார். கொடுத்த துணி திரும்பி வரவும் இல்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு நாலு பேராவது தோளில் தொங்குகிறது, இடுப்பில் நிற்கவில்லை என்று கொண்டுவந்து போடுவார்கள்.

“பாத்தியா?” என்றார் மனைவியிடம். “இவ்ளோ பெரிய வண்டி மறைச்சும் என்னைத் தேடிக்கிட்டு வராங்க. வண்டி மட்டும் இல்லேன்னா இதைப் போல ரெண்டு பங்கு வருவாங்க.”

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். “இருக்கும்” என்றாள்.

“ஒரு புகார் இல்ல கவனிச்சியா? கை நல்லாப் படிஞ்சிடுச்சு எனக்கு.”

“ஆமாங்க.”

இரண்டாம் தடவை அவர் அரை இஞ்சு கூட்டவில்லை. வலது கையின் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டுதான் நோட்டில் எழுதினார். இப்போது வந்த வீலில் ஐந்து போல்ட்டும் ஓட்டைக்கு நேராக நின்றன. ஆனால் நடுவில் துருத்திக்கொண்டிருந்த அச்சுமுனை, வீலின் நடு ஓட்டைக்குள் நுழையவில்லை.

“கழுத்து டைட்” என்றார் டெய்லர்.

“இது நடக்கறதுதான்” என்று டயர் கடைக்காரர் சமாதானம் சொன்னார். “கடைசல் பட்டறையில குடுத்து லேசா ஓட்டையைப் பெருசு பண்ணிக்கலாம். எவ்ளோன்னு மட்டும் கரெக்டா சொல்லிடுங்க.”

பட்டறைக்காரர், “எவ்ளோ எடுக்கணும்?” என்று கேட்டபோது டெய்லரின் மணிக்கட்டைப் பிடிக்க ஆள் இல்லை. கழுத்து விஷயம், மூச்சு முட்டக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் வாய் வழியாகவே அரை இஞ்சு கூடிவிட்டது. வீல் அச்சில் ஏறியது. ஏறிய பிறகு ஆடியது. கையால் சுற்றிவிட்டால் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை தலையாட்டியது.

கடைந்த வீலை யார் திருப்பி எடுப்பார்கள்? அதைப் படுக்கப்போட்டு மேலே ஒரு பலகை வைத்து, ஸ்டூலுக்குப் பதில் படியாக்கிவிட்டாள் மனைவி. “ஏறி இறங்க இதுதான் வசதி, ஸ்டூல் ஆடுது” என்றாள். மாமனாருக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறாளே என்று டெய்லருக்கு மனசு இளகியது. ஆனால் மாமனாரோ பகல் முழுக்க மரத்தடியில்தான் கிடந்தார்.

“வெயில் அடிக்குதே மாமா, உள்ள போய்ப் படுக்கக் கூடாதா?”

“உள்ள எனக்கு எங்க மாப்ள தோதுப்படுது? இப்படி வெளியிலயே இருக்கேன்.”

அந்த வாரம்தான் போன் வந்தது. மனைவி எடுத்தாள்.

“ஆஸ்பத்திரி ஸ்டோர்லேருந்து பேசினாங்க. நர்சுங்க கோட்டு வருஷத்துக்கு இருநூறு தைக்கணுமாம். இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கள் பத்து மணிக்கு அந்த ஸ்டோர் மேனேஜரம்மா கடையைப் பாக்க வராங்க. பாத்துப் பிடிச்சிருந்தா கையோட ஆர்டர் குடுத்துடுவாங்களாம்.”

டெய்லர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இப்படி ஒரு ஆர்டருக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருக்கிறார் என்பது மனைவிக்குத் தெரியும். தெரு முனையில் ரெடிமேட் கடை ஒன்று திறந்து, கண்ணாடிக் கதவுக்குள் பொம்மைகளை நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த ஆர்டர் கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் இன்னும் ஓரிரு வருஷத்தில் அந்தப் பொம்மைகளுக்குப் பட்டன் தைக்கும் வேலைக்குத்தான் அவர் போக வேண்டும்.

“கடையைப் பாக்க வராங்க” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். “கடை எங்க தெரியுது?”

“என்னங்க, அந்த வண்டியைப் பத்தி நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“வண்டியைப் பத்தி எனக்குத் தெரியாததா நீ சொல்லப் போறே? இங்க வா.” ஒரு தட்டையும் டம்ளரையும் எடுத்து வைத்துக்கொண்டு, நட்டு வட்டம் எது, நடு ஓட்டை எது, ரிம் அச்சுக்கு உள்ளே எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று கால் மணி நேரம் விளக்கினார். முடிக்கும்போது அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. அவள் சொல்ல வந்ததும் அதோடு போயிற்று.

மூன்றாவது வீலில் இடுப்பு சரி, கழுத்து சரி. மாட்டி நட்டை இறுக்கியதும் வீல் சுற்றவே இல்லை. உள்பக்கம் போய்ப் பிரேக்கின் மேல் உட்கார்ந்துவிட்டது.

டயர் கடைக்காரர் இரண்டு கையையும் துணியில் துடைத்துக்கொண்டார். “டெய்லரே, கோவிச்சுக்காதீங்க. இனிமே என்னால முடியாது. நான் இதுவரைக்கும் கழட்டி மாட்டினதுல ஒரு பஸ்ஸுக்கே வீல் போட்டிருக்கலாம்.”

“பஸ்ஸுக்கு எத்தனை நட்டு?”

“பத்து. ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

சும்மா இல்லை. அவருக்கு இப்போது அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. தெருவில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நிற்கிற வண்டிகளின் சக்கரத்தைப் பார்த்து நடந்தார். காருக்கு நாலு, ஜீப்புக்கு ஐந்து, லாரிக்கு எட்டு. ரொட்டிக் கம்பெனி வேனுக்கும் காய்கறி வேனுக்கும் ஒரே கம்பெனி என்றாலும் ரிம் வேறு. சின்ன வயசில் முதன்முதலாக ஒரு கோட்டைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இத்தனை துண்டா என்று பிரமித்தாரே, அதே பிரமிப்பு. கடையையும் மறந்து அரைமணி நேரம் ஒரு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இதில் அவருக்கு ரொம்ப சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரி வளாகத்தில் நின்ற பழைய ஆம்புலன்ஸைப் பார்த்தார். ஐந்து நட்டு. நடுவில் அதே துருத்தல். ரிம்மின் வளைவுகூட மாமனார் வண்டியின் சாயல். உள்பக்கம் எப்படி இருக்கிறதென்று பார்க்க, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நுழைந்தார்.

கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். அடுத்த நிமிஷம் இரண்டு பேர் அவர் காலைப் பிடித்து அலுங்காமல் இழுத்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள்.

“எனக்கு ஒண்ணுமில்லைங்க, நான் அளவு எடுக்கத்தான் வந்தேன்.”

“பேசாதீங்க. தலையில அடிபட்டிருக்கு” என்றார் தள்ளிக்கொண்டு போனவர்.

“சத்தியமா நான் டெய்லருங்க.”

“அப்படித்தான் பேசுவாங்க, நீங்க தள்ளுங்க” என்றார் மற்றவர்.

எக்ஸ்ரே அறை வாசல் வரை போய்விட்டது. கடைசியில் ஆம்புலன்ஸ் டிரைவர் வந்து கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்தார். “நம்ம அரை இஞ்சு. விடுங்கப்பா.” விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை, அதுதான் அவர் செய்த பெரிய உபகாரம். “உங்க மாமனார் வண்டியும் எங்க வண்டியும் ஒரே அடிச்சட்டம். மேல அவருக்கு வீடு கட்டினான், எங்களுக்கு ஸ்ட்ரெச்சர் வெச்சான். இந்த மாதிரி ஆறு வண்டி போன வருஷம் பழைய இரும்புக்குப் போச்சு. ஊருக்கு வெளியில அந்தக் கடைக்காரம்மாகிட்ட கேளுங்க. ஆனா அதுலயும் ரெண்டு மூணு மாதிரி வீல் உண்டு.”

அன்று வியாழக்கிழமை. திங்களுக்கு நாலு நாள்தான்.

பழைய இரும்புக் கடைக்காரம்மா நோட்டை வாங்கிப் பார்த்தார். “இடுப்பு, கழுத்து, கை நீளம்னு எழுதியிருக்கே. இது யாருக்கு?”

“வண்டிக்குதாங்கம்மா.”

“நீங்க டெய்லரா? அப்ப பேப்பர்ல வெட்டத் தெரியும்ல. அச்சு மேல பிரவுன் பேப்பரை அழுத்தி, சாக்பீஸால தேச்சு, படிஞ்சதை அப்படியே வெட்டிக் கொண்டாங்க. நோட்டுல எழுதினதை நான் நம்பறதில்ல. எழுதறப்ப மனுஷன் தன் புத்தியையும் சேர்த்து எழுதிடுவான்.”

டெய்லர் ஓடினார். பேப்பர் பேட்டர்ன் வெட்டுவது அவருக்குக் கை வந்த கலை. பேப்பரில் ஐந்து போல்ட்டும் நடு வட்டமும் அச்சு அசலாகப் படிந்தன. அரை இஞ்சு கூட்ட அதில் இடமே இல்லை. மறுநாள் அந்தம்மா பேப்பரை வைத்து வைத்துப் பார்த்து, குவியலிலிருந்து நான்கு வீல்களைத் தனியே உருட்டி வைத்தார். ஒன்றை மட்டும் அவர் பக்கம் தள்ளினார்.

“மாட்டிப் பாத்துட்டு வாங்க.”

“அம்மா, நான் வந்து...”

“பேப்பர் ஓட்டையைத்தான் சொல்லும், ஆழத்தைச் சொல்லாது. போட்டுப் பாக்காம எவனுக்கும் நான் குடுக்கறதில்ல. இஷ்டம்னா எடுங்க.”

டெய்லர் கண்ணை மூடித் திறந்தார். இருநூறு கோட்டு. வீலைத் தூக்கிக்கொண்டு போனார். அவரே ஜாக்கி போட்டு, அவரே மாட்டி, அவரே நட்டை இறுக்கி, கையால் ஒரு தள்ளு தள்ளினார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. எங்கும் உரசவில்லை, ஆடவில்லை. அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இரும்புக்கு ட்ரையல் பாக்கறது தப்பில்ல” என்று மனைவியிடம் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். “துணிக்குத்தான் தேவையில்ல. அதுக்கு என் கை இருக்கு.”

மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “அப்பா இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள்.

“திங்கக்கிழமை என்ன நாள்னு மறந்துட்டியா?”

“மறக்கலங்க. அதனாலதான் சொல்றேன். அவங்க வந்துட்டுப் போறவரைக்கும் வண்டி அங்கேயே நிக்கட்டும். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க.”

“அவங்க வந்தா எதைப் பாப்பாங்க? வண்டியோட முதுகையா?”

அப்பாவைப் பிரிய மனசில்லாமல் பேசுகிறாள் என்று அவருக்குப் பாவமாக இருந்தது. அதனால் கோபப்படவில்லை.

சனிக்கிழமை மற்ற மூன்றும் ஏறின. ஞாயிறு காலை மாமனார் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து, வெகுநாளைக்குப் பிறகு தன் வீட்டுக்குள் நுழைந்தவர்போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு குண்டூசி டப்பா, இரண்டு நூல்கண்டு, யாருடையதோ ஒரு தலைக்கிளிப் என்று எடுத்து எடுத்து மகளிடம் நீட்டினார்.

“இதெல்லாம் எப்படி மாமா உள்ள வந்துச்சு?” என்றார் டெய்லர்.

“நீங்க வீல்ல குறியா இருந்தீங்க மாப்ள” என்று மாமனார் வண்டியைக் கிளப்பினார்.

வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் தெரு முனையில் திரும்பி மறைந்தது. கடைக்குள் ஒன்றரை மாதமாக வராத வெளிச்சம் வந்து விழுந்தது. டெய்லர் போர்டைத் துடைத்தார், வாசலைக் கழுவினார், கண்ணாடியைப் பழைய இடத்தில் நிறுத்தினார். ‘இங்கே போட்டுப் பார்க்க வேண்டாம். பொருந்தும்’ என்ற பலகையை வாசலிலிருந்தே தெரிகிற மாதிரி முன்னால் கொண்டுவந்து மாட்டினார். எல்லாம் முடித்துவிட்டுத் தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். கடை முழுசாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அது இவ்வளவு அழகாக இருந்து அவர் பார்த்ததில்லை.

திங்கள் காலை ஒன்பதரைக்கே அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மனைவி மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஜீப் வந்தது. வந்தது, கடையைத் தாண்டிப் போயிற்று. தெரு முனை வரை போய்த் திரும்பி மறுபடி வந்து, மறுபடியும் தாண்டிப் போயிற்று.

“அஞ்சு நட்டு” என்று வாய் தானாகச் சொன்னது. டெய்லர் நடுத்தெருவில் இறங்கிக் கையை ஆட்டினார்.

ஜீப் நின்றது. மேனேஜரம்மா ஒரு பைலை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். கடையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், பலகையில் எழுதியிருந்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் எதையோ தேடினார்.

“வாங்கம்மா. இதுதான் நம்ம கடை” என்றார் டெய்லர். “நல்லாப் பாருங்க. இப்ப எதுவும் மறைக்கல.”

அந்தம்மா பைலைத் திறக்கவில்லை.

“இல்லைங்க, நான் தேடி வந்த கடை வேற; வாசல்ல ஒரு கேரவன் நிக்கும், தைச்சதை அதுக்குள்ள போட்டுப் பாத்துச் சொன்னா, டெய்லர் வெளிய போயிருக்கறப்ப அவரு சம்சாரம் எல்லாத்தையும் அரை இஞ்சு பிடிச்சுக் குடுத்துடும்னு எங்க நர்சுங்க சொன்னாங்களே, அந்தக் கடை எந்தப் பக்கம்?”